முழக்கத்துக்கு ஒரு கடிவாளம்

குளிக்கிற அறையில் பாடாதவர் உண்டா? கூடத்தில் நாலு பேருக்கு நடுவே பாடச் சொன்னால், "எனக்கு எங்கே சங்கீதம் தெரியும்!" என்று நழுவுகிற மாமாகூட, தலையில் இரண்டு சொம்பு தண்ணீர் விழுந்ததும் தோடியைப் பிடித்து ஒரு கை பார்த்துவிடுகிறார். துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்ததும் அந்தத் தோடியைக் காணோம். எங்கே போயிற்று? அறைக்குள்ளேயே நின்றுவிட்டது. அதில் பாதிதான் மாமாவுடையது. மீதிப் பாதி சுவருடையது!

ஓசை ஒரு வினாடியில் சுமார் 340 மீட்டர் ஓடுகிறது. இரண்டு மீட்டர் அகலமுள்ள அறையில் அது ஒரே வினாடிக்குள் நூற்றெழுபது தடவை சுவருக்குச் சுவர் பாய வேண்டும். துணியும் மெத்தையும் இருக்கும் அறையில் ஒவ்வொரு மோதலிலும் கொஞ்சம் உறிஞ்சப்பட்டுவிடும். வழவழவென்று ஓடு பதித்த சுவரோ வாங்கியதை அப்படியே திருப்பித் தந்துவிடுகிறது. கிணற்றில் தலையை நீட்டிக் கூவினால் நம் குரல் தனியாகத் திரும்பி வருகிறதே, அது எதிரொலி. அந்த மாதிரி எதிரொலிகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்து, எது எது என்று பிரிக்க முடியாமல் குழைந்துபோனால் அதற்கு எதிர்முழக்கம் என்று பாடப் புத்தகத்தில் பெயர். ஸ்டூடியோக்காரர்கள் 'ரிவர்ப்' என்கிறார்கள். நாம் சுருக்கமாக முழக்கம் என்றே வைத்துக்கொள்வோம்.

இந்த முழக்கத்தை இப்போது கம்ப்யூட்டருக்குள்ளேயே உண்டாக்கிவிடலாம். சுவரும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். திரையில் நாலு கட்டம் போட்டு, கட்டத்துக்குக் கட்டம் கோடு இழுத்தால் மண்டபம் தயார். ஆனால் பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே அந்த மண்டபத்தைப் பெரிதாக்கவும் சிறிதாக்கவும், கேட்கிறவர் காதுக்குத் தெரியாமல் அதைச் செய்யவும் வேண்டுமென்றால், அங்கேதான் வந்தது வம்பு.

ஏன் அப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்பீர்கள். ஒரு கச்சேரிப் பதிவை உங்கள் கையில் கொடுத்து, "மெருகேற்றிக் கொடுங்கள்" என்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஆலாபனைக்கு மூன்று வினாடி முழக்கம் கொடுத்தால் கோவில் பிராகாரத்தில் உட்கார்ந்து கேட்பது போல இருக்கிறது. அதே மூன்று வினாடியைத் தனி ஆவர்த்தனத்துக்கும் விட்டுவைத்தால்? மிருதங்கத்தில் வினாடிக்கு எட்டுச் சொல் விழுகிறது என்றால், எந்த நேரத்திலும் இருபத்துநாலு சொற்கள் அறைக்குள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு உயிரோடிருக்கும். வித்வானின் விரல் வித்தை அத்தனையும் கஞ்சியாகிவிடும். ஆகவே மூன்று வினாடியை முக்கால் வினாடியாக இறக்கத்தான் வேண்டும். ஆனால் இறக்கியது யாருக்கும் தெரியக்கூடாது.

மெத்தை சுமந்த பேராசிரியர்

முழக்கத்துக்கு முதன்முதலில் கணக்குக் கண்டுபிடித்தவர் அமெரிக்காவில் ஹார்வர்டு பல்கலைக் கழகத்தில் பௌதிகம் போதித்த வாலஸ் சபைன். 1895ல் அங்கே ஃபாக் கலைக்கூடத்தில் புதிதாகக் கட்டிய சொற்பொழிவு மண்டபத்தில் ஒருவர் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. காலி மண்டபத்தில் ஒரு சொல் ஐந்தரை வினாடிக்கு மேல் நின்று முழங்கியது. முதல் வாக்கியம் அடங்குவதற்குள் இரண்டாவது வாக்கியம் முடிந்துவிடும்! "இதைச் சரிப்படுத்து" என்று சபைனிடம் விட்டார்கள்.

அவர் பக்கத்திலிருந்த ஸாண்டர்ஸ் தியேட்டரின் ஆசன மெத்தைகளை இரவில் எடுத்துவரச் செய்தார். ஊர் அடங்கிய பிறகு ஆர்கன் குழாய் ஒன்றை ஊதி நிறுத்துவார். ஓசை முற்றும் அடங்க எத்தனை வினாடி என்று குறித்துக்கொள்வார். பிறகு இன்னும் சில மெத்தைகளைப் பரப்புவார், மறுபடி ஊதுவார். விடிவதற்குள் மெத்தைகள் தியேட்டருக்குத் திரும்பிவிட வேண்டும். இப்படியே எத்தனையோ இரவுகள். மண்டபம் பெரிதானால் முழக்கம் நீளும், உறிஞ்சும் பொருள் கூடினால் குறையும் என்று அவர் அதில் கண்ட கணக்கை வைத்துத்தான் 1900ல் திறக்கப்பட்ட பாஸ்டன் சிம்பனி ஹால் வடிவமைக்கப்பட்டது. ஓசையின் சக்தி பத்து லட்சத்தில் ஒரு பங்காக, அதாவது 60 டெசிபல், குறைய எடுக்கும் நேரம்தான் முழக்க நேரம் என்று இன்றைக்கும் அளக்கிறார்கள்.

சபைனுக்கு ஒரு சௌகரியம் இருந்தது, பாருங்கள். மெத்தையை மாற்றும்போது அவர் ஊதலை நிறுத்திவிட்டார். நமக்கு அந்தச் சலுகை கிடையாது. ஊதிக்கொண்டிருக்கும்போதே மெத்தை போட வேண்டும்.

1947ல் சிகாகோவில் பில் புட்னம் என்ற ஒலிப்பதிவு எஞ்சினியர், ஹார்மோனிகாட்ஸ் என்ற மௌத்-ஆர்கன் கோஷ்டியின் இசையைப் பதிவு செய்தபோது, ஸ்டூடியோவின் குளியலறையில் ஒரு ஸ்பீக்கரையும் ஒரு மைக்கையும் கொண்டுபோய் வைத்தார். வாசிப்பதில் ஒரு பங்கு ஸ்பீக்கர் வழியாக உள்ளே போகும், முழங்கி மைக் வழியாக வெளியே வரும், அசலோடு சேரும். இசைத்தட்டு சக்கைப்போடு போட்டது. மாமாவின் ரகசியம் அவருக்கும் தெரிந்திருக்கிறது! புட்னம் கையில் இரண்டு திருகுகள் இருந்தன. ஒன்று, அறைக்குள் எவ்வளவு அனுப்புவது. மற்றது, அறையிலிருந்து எவ்வளவு வாங்குவது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்ச நேரத்தில் வேலைக்கு வரும்.

பத்து வருஷம் கழித்து, 1957ல், ஜெர்மனியில் ஈ.எம்.டி. 140 என்று ஒரு யந்திரம் வந்தது. அறைக்குப் பதிலாக, கம்பிச் சுருள்களில் தொங்கவிட்ட பெரிய எஃகுத் தகடு. யந்திரத்தின் எடை கால் டன்னுக்கும் மேல். தகட்டுக்குப் பக்கத்தில் ஓர் உறிஞ்சு பலகை இருக்கும். சக்கரத்தைச் சுற்றினால் பலகை நெருங்கும், முழக்கம் குறுகும், விலகினால் நீளும். கனமான பலகை சட்டென்று தாவாது. சுற்றுகிற கை எத்தனை அவசரப்பட்டாலும் பலகை தன் நிதானத்தில்தான் நகரும். இரும்பின் சோம்பேறித்தனம் காதுக்கு உபகாரமாக இருந்தது. கம்ப்யூட்டருக்கு அந்தச் சோம்பேறித்தனம் கிடையாது என்பதுதான் நம் கதையே.

கட்டமும் கயிறும்

எண்களைக் கொண்டே முழக்கம் செய்யலாம் என்று வழி காட்டியவர் அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக் கூடத்தில் வேலை பார்த்த மான்ஃபிரட் ஷ்ரோடர். 1962ல் வெளியான அவர் கட்டுரையில் சொன்ன வழி இதுதான்: ஓசையைச் சற்று நிறுத்திவைத்து, கொஞ்சம் குறைத்து, திரும்பவும் தொடக்கத்துக்கே அனுப்பு. அது சுற்றிச் சுற்றி வந்து தேயட்டும். இந்த மாதிரிச் சுற்று நாலை அருகருகே வை. ஒவ்வொன்றுக்கும் நிறுத்தும் நேரம் வேறு வேறாக, 30 முதல் 45 மில்லி வினாடிக்குள் இருக்கட்டும். (மில்லி வினாடி என்றால் வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு.) நாலும் சேர்ந்த பிறகு, எதிரொலிகளை இன்னும் நெருக்கமாக்கும் வடிகட்டி இரண்டைத் தொடராக மாட்டு. கேட்பதற்கு மண்டபம்!

அதே ஆராய்ச்சிக் கூடத்தில், 1957லேயே கம்ப்யூட்டரைப் பாட வைத்தவர் மாக்ஸ் மாத்யூஸ். அவருடைய பெயரைத்தான் பாரிஸ் நகரத்து இர்காம் இசை ஆராய்ச்சி நிலையத்தில் பிறந்த ஒரு புரோகிராமுக்கு வைத்தார்கள்: மாக்ஸ். 1980களில் அதை எழுதியவர் மில்லர் பக்கெட் என்ற கணித நிபுணர். (குளியலறையில் ஆரம்பித்த கட்டுரையில் பக்கெட் வந்து சேர்ந்தது தற்செயல்தான், நான் பொறுப்பல்ல.) 1996ல் அவரே அதன் தம்பியாக 'பியூர் டேட்டா' என்ற புரோகிராமை எழுதி, யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளும்படி விட்டுவிட்டார். உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரிலும் அது ஓடும்.

இவற்றில் புரோகிராம் என்பது எழுத்தல்ல, படம். திரையில் சின்னச் சின்னக் கட்டங்கள். ஒரு கட்டம் மைக்கிலிருந்து ஓசையை வாங்கும், ஒன்று பெருக்கும், ஒன்று நிறுத்திவைக்கும், ஒன்று ஸ்பீக்கருக்கு அனுப்பும். நடுவே கயிறு இழுத்து மாட்டிக்கொள்ள வேண்டியது நம் வேலை. பழைய டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் கயிற்றைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டுவார்களே, அந்த மாதிரி.

கயிற்றில் இரண்டு ஜாதி உண்டு. தடித்த கயிற்றில் ஓசை ஓடுகிறது. சாதாரணமாக வினாடிக்கு 44,100 எண்கள், ஓய்வில்லாமல், வாய்க்கால் தண்ணீர் மாதிரி. மெல்லிய கயிற்றில் போவது செய்தி. நீங்கள் திருகைத் திருப்பினால் 'இப்போது 64' என்று ஒன்று போகும். திருப்பாவிட்டால் ஒன்றும் போகாது. இது தபால் மாதிரி. நம் சங்கடம் முழுக்க, தபாலைக் கொண்டு வாய்க்காலை ஆள வேண்டியிருப்பதில்தான் இருக்கிறது.

ஜிப் சத்தம்

முழக்கத்தின் அளவைத் திரையில் ஒரு நகர்த்து கட்டையோடு சேர்த்துவிட்டீர்கள். அது 0 முதல் 127 வரை, 128 படிகளில் எண் கொடுக்கும். பாட்டு ஓடுகிறது. கட்டையை மெள்ள ஏற்றுகிறீர்கள். 'சர்ர்ர்' என்று பையின் ஜிப்பை இழுப்பது போல ஒரு சத்தம் பாட்டுக்குள் கேட்கிறது. வேகமாக இழுத்தால் 'டப்' என்றே வெடிக்கிறது. ஸ்பீக்கர் கெட்டுப்போயிற்றோ என்று பயப்பட வேண்டாம். கெட்டுப்போனது கணக்கு.

ஒரு கணத்தில் ஓசையின் எண் 0.5. அதை 0.2ஆல் பெருக்கிக்கொண்டிருந்தீர்கள், வெளியே போவது 0.1. அடுத்த எண் வருவதற்குள் பெருக்குவது 0.8 ஆகிவிட்டது, வெளியே போவது 0.4. வினாடியில் நாற்பத்துநாலாயிரத்தில் ஒரு பங்கு நேரத்தில் ஸ்பீக்கரின் காகிதம் அந்தத் தூரத்தைத் தாண்டிக் குதிக்க வேண்டும். அப்படிக் குதிக்கும் குதியில் மேல் சுரம், கீழ்ச் சுரம் எல்லாம் ஒரே சமயத்தில் இருக்கின்றன. அதுதான் டப். சின்னக் குதிகள் வரிசையாக வந்தால் ஜிப்.

வெறும் பாட்டில் இந்த டப் வந்தால் வந்த வேகத்தில் போய்விடும். முழக்கத்தில் அப்படியல்ல. மண்டபத்துக்குள் அனுப்பும் வாசலில் டப் விழுந்தால், அந்த டப்பும் மண்டபத்துக்குள் போய்ச் சுவருக்குச் சுவர் மோதி, மூன்று வினாடி நின்று முழங்கிவிட்டுத்தான் வெளியே வரும். ஆலாபனையின் நடுவே யாரோ பலகையைத் தட்டியது போல! முழக்கத்துக்கு நல்ல ஓசை, கெட்ட ஓசை என்ற பேதம் தெரியாது.

மருந்து என்னவென்றால், தபாலை நேரே வாய்க்காலில் போடக்கூடாது. நடுவே 'லைன்' என்று ஒரு கட்டம் போட வேண்டும். பெயருக்குப் பின்னால் பாம்பு நெளிவது போல ஒரு குறி இருக்கும். பியூர் டேட்டாவில் ஓசை ஓடும் கட்டங்களுக்கெல்லாம் அந்த நெளிகோடுதான் அடையாளம். அந்தக் கட்டத்துக்கு '0.8 50' என்று செய்தி அனுப்பினால், "0.8க்குப் போ, ஆனால் 50 மில்லி வினாடி எடுத்துக்கொள்" என்று அர்த்தம். ஒரே தாவலாக இருந்ததை அது 2,205 சிறு படிகளாக்கிவிடும். வழியில் இருக்கும்போதே நீங்கள் மனம் மாறி வேறு எண் அனுப்பினால், மறுபடி ஆரம்பத்துக்கு ஓடாமல், நிற்கிற இடத்திலிருந்தே புது வழியில் திரும்பும். எஃகுத் தகட்டின் சோம்பேறித்தனத்தை இப்படி ஒரு கட்டத்தில் விலைக்கு வாங்கிவிட்டோம்.

எத்தனை நேரம் கொடுப்பது? கையால் திருகுவதற்கு 20 முதல் 50 மில்லி வினாடி போதும். அதற்கு மேல் கொடுத்தால் திருகு உங்கள் பேச்சைக் கேட்காமல் பின்தங்கி வருவது போலத் தோன்றும். ஆலாபனையிலிருந்து தனி ஆவர்த்தனத்துக்கு மாறுவது போன்ற பெரிய மாற்றத்துக்கு நாலைந்து வினாடிகூடக் கொடுக்கலாம்.

வாசலை மூடு, மண்டபத்தை இடிக்காதே

ஜிப் போய்விட்டது. ஆனாலும் முழக்கத்தைக் குறைக்கிற இடத்தில் என்னவோ செயற்கையாக இருக்கிறது. வித்வான் சுரத்தை விட்டார். அது கமகமவென்று கரைந்துகொண்டிருக்கையில் யாரோ கம்பளியைப் போட்டு மூடிய மாதிரி அமுங்கிப்போகிறது. ஏன்?

புட்னத்தின் இரண்டு திருகுகளை இப்போது நினைத்துக்கொள்ளுங்கள். அறையிலிருந்து வாங்கும் திருகை நீங்கள் குறைத்திருக்கிறீர்கள். முன்பே உள்ளே போய் முழங்கிக்கொண்டிருந்த ஓசையின் கழுத்தையும் சேர்த்து நெரித்துவிட்டீர்கள். உலகத்தில் எந்த மண்டபமும் பாதி முழக்கத்தில் காணாமற்போவதில்லை. அதனால்தான் காது, 'இது பொய்' என்று உடனே கண்டுபிடிக்கிறது.

குறைக்க வேண்டியது உள்ளே அனுப்பும் திருகை. வாசலை மூடினால் புதிதாக எதுவும் உள்ளே போகாது. ஏற்கெனவே போனது தன் ஆயுள் வரைக்கும் முழங்கித் தானாக அடங்கும். அந்த அடங்கலைவிட வழவழப்பான இறக்கத்தை எந்த நிபுணரும் கையால் செய்ய முடியாது. பாட்டில் ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும் முழக்கம் கொடுக்க ஆசையா? அந்தச் சொல் வரும்போது வாசலைத் திற, முடிந்ததும் மூடு. அடுத்த சொல் சுத்தமாக வரும். முந்தின சொல் பின்னால் தொலைவில் கரைந்துகொண்டிருக்கும். என் அபிப்பிராயத்தில் இந்த வித்தையில் முக்கால் பங்கு இந்த ஒரு விஷயத்திலேயே அடங்கிவிட்டது. ஆனாலும் புதிதாக இதில் இறங்குகிறவர்களில் பாதிப் பேர் வாங்கும் திருகைத்தான் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்கிறார்கள்.

அசலையும் முழக்கத்தையும் ஒரே கட்டையில் வைத்து, ஒன்றைக் குறைக்கக் குறைக்க மற்றது கூடும்படி செய்கிறவர்களும் உண்டு. அதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. நடுவில் இரண்டையும் 0.5, 0.5 என்று வைத்தால் கூட்டினால் ஒன்று வருகிறதே, சரிதானே என்று தோன்றும். ஓசையின் சக்தி எண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது. கால் பங்கும் கால் பங்கும் அரைதான்! கட்டை நடுவே வரும்போது பாட்டு 3 டெசிபல் ஒடுங்கி, மறுபடி பெருக்கும். நடுவில் இரண்டும் 0.707 இருக்க வேண்டும். அதன் வர்க்கம் அரை. அரையும் அரையும் ஒன்று. பள்ளிக்கூடத்தில் நம்மை மிரட்டிய சைன், கோசைன் இரண்டும் இந்த வேலையைக் கச்சிதமாகச் செய்கின்றன.

0.9க்கும் 0.99க்கும் நடுவில்

அளவைக் கூட்டிக் குறைப்பது ஒன்று. நீளத்தைக் கூட்டிக் குறைப்பது வேறு. ஷ்ரோடரின் சுற்றில் ஓசை ஒவ்வொரு தடவையும் எந்த எண்ணால் பெருக்கப்பட்டுத் திரும்புகிறது என்பதில்தான் முழக்கத்தின் ஆயுள் இருக்கிறது. 30 மில்லி வினாடிச் சுற்றை எடுத்துக்கொள்வோம். அந்த எண் 0.7 என்றால் முழக்கம் அரை வினாடிக்குச் சற்று மேல். 0.9 என்றால் சுமார் இரண்டு வினாடி. 0.99 என்றால்? இருபது வினாடிக்கும் மேல்!

0.7லிருந்து 0.9 வரை கட்டையை இவ்வளவு தூரம் தள்ளியும் ஒன்றரை வினாடிகூட ஏறவில்லை. அதற்கப்புறம் மயிரிழை தள்ளினால் அறை மாளிகையாகி, மாளிகை மலைக்குகையாகிவிடுகிறது. இந்த எண்ணை நேராகக் கட்டையில் கட்டிவைத்து, 'வழவழப்பாக நகரவில்லையே' என்று குறைப்பட்டுப் பயனில்லை. லைன் கட்டம் போட்டாலும் தப்பாது. அது எண்ணை வழவழப்பாக்கும், வினாடியை வழவழப்பாக்காது. கட்டையில் வினாடியை எழுதுங்கள். மூன்று, இரண்டு, ஒன்று, முக்கால் என்று. அதற்கேற்ற பெருக்கும் எண்ணைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டுக்கொள்ளட்டும். நிறுத்தும் நேரத்தை மூன்றால் பெருக்கி, வேண்டிய முழக்க நேரத்தால் வகுத்து, வந்த எண்ணைக் கழித்தல் குறியோடு பத்தின் அடுக்காகப் போட வேண்டும். அவ்வளவுதான். நம் கச்சேரிக்கு மூன்று வினாடி என்றால் 0.93, முக்கால் வினாடி என்றால் 0.76. சுற்றுக்குச் சுற்று நிறுத்தும் நேரம் மாறுவதால், நாலு சுற்றுக்கும் எண் தனித் தனியாக வரும்.

காதும் இப்படிப்பட்ட பேர்வழிதான். ஓசையின் அளவைக் காது கூட்டலாக உணர்வதில்லை, பெருக்கலாக உணர்கிறது. ஆகையால் அளவுக் கட்டையிலும் டெசிபல் எழுதிவைத்தால்தான் ஒவ்வொரு படியும் காதுக்கு ஒரே உயரமாகப் படும்.

இரண்டு மண்டபங்கள்

எல்லாவற்றையும்விடத் தொல்லை பிடித்தது மண்டபத்தின் அளவையே மாற்றுவது. அதாவது சுற்றில் ஓசையை நிறுத்திவைக்கும் நேரத்தை மாற்றுவது. சட்டென்று மாற்றினால் டப். சரி, லைன் கட்டம் போட்டு மெள்ள மாற்றலாம் என்றால், சுருதி நகர்கிறது! நெருங்கி வரும் ரயிலின் ஊதல் உயர்ந்தும், தாண்டிப் போனதும் தாழ்ந்தும் கேட்கிறதே, அதே காரியம்தான். நிறுத்தும் நேரம் ஒரு வினாடிக்குள் 10 மில்லி வினாடி குறைந்தால், சுருதி நூற்றுக்கு ஒன்று ஏறும். ஒரு ஸ்வரஸ்தானத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளியில் ஆறில் ஒரு பங்கு. தம்புரா ஒலித்துக்கொண்டிருக்கும்போது ஆறில் ஒரு பங்கு நகர்ந்தால் ரசிகர் முகம் சுளிக்காமல் இருப்பாரா? விஞ்ஞானக் கதைக்கு வினோதமான ஓசை வேண்டுமென்கிறவர்கள் இதையே வேண்டுமென்று செய்கிறார்கள். அது வேறு விஷயம்.

வேகமாக மாற்றினாலும் தப்பு, மெதுவாக மாற்றினாலும் தப்பு என்றால் என்ன செய்வது? மாற்றாமலே இருப்பது! இரண்டு மண்டபங்களைக் கட்டிவிடுங்கள். ஒன்று பெரியது, ஒன்று சிறியது. பாட்டு பெரிய மண்டபத்துக்குள் போய்க்கொண்டிருக்கட்டும். நேரம் வந்ததும் பெரிய மண்டபத்தின் வாசலை மெள்ள மூடிக்கொண்டே சிறியதன் வாசலை மெள்ளத் திறவுங்கள். பெரியது தன்பாட்டில் முழங்கி ஓயும், சிறியது பொறுப்பேற்கும். பெரியது முற்றும் ஓய்ந்த பிறகு, யாரும் கேட்காத அந்தச் சமயத்தில், அதன் சுவர்களை எங்கே வேண்டுமானாலும் தள்ளிவைத்துக்கொள்ளலாம். சபைன் ஊதலை நிறுத்திவிட்டு மெத்தை மாற்றினாரே, அந்தச் சௌகரியம் நமக்கும் வந்துவிட்டது.

நாடகம் போடுகிறவர்களுக்கு இன்னொன்று. ஒருவர் பேசிக்கொண்டே தூரத்துக்கு நடந்து போகிறார் என்று காட்ட, குரலின் அளவைக் குறைத்தால் போதாது. மெதுவாகப் பேசுகிற மாதிரிதான் இருக்கும். ஸ்டான்ஃபர்டு பல்கலைக் கழகத்தைச் சேர்ந்த ஜான் சௌனிங் 1971ல் இதற்கு ஒரு வழி எழுதினார். தூரம் நாலு மடங்கானால் நேராக வரும் குரலைக் கால் பங்காக்கு. முழக்கத்தை அரைப் பங்காக மட்டும் ஆக்கு. அசலைவிட முழக்கம் மெதுவாகக் குறைவதால், ஆள் விலகிப் போகிறார் என்று காது தானாகப் புரிந்துகொள்கிறது. தூரம் என்று ஒரே கட்டை. அதிலிருந்து இரண்டு கயிறு. இரண்டிலும் லைன் கட்டம் இருக்க வேண்டும் என்று தனியே சொல்ல வேண்டியதில்லை.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். செல்போனில் பாடி நாலு பேருக்கு அனுப்புகிற பழக்கம் பெருகியிருக்கிறது, நல்லதுதான். ஆனால் அதில் முழக்கத்தைக் கடைசிவரை ஏற்றிவிட்டு, "குரல் எப்படி?" என்று கேட்பது தர்மமல்ல. முழக்கம் சுருதியைத் திருத்தாது, மறைக்கத்தான் மறைக்கும்.

உறைந்த சுரம்

பெருக்கும் எண்ணைச் சரியாக 1 என்று வைத்தால் என்ன ஆகும்? சுற்றி வரும் ஓசை தேயவே தேயாது. பியூர் டேட்டாவோடு வரும் தயார் முழக்கக் கட்டங்களிலும் இந்த வசதி உண்டு. அங்கே 80 என்றால் குறுகிய முழக்கம், 90 என்றால் நீண்டது, 100 என்றால் முடிவே இல்லாதது. பிரெஞ்சு இசைப் படைப்பாளி ஃபிலிப் மனூரி, பக்கெட்டோடு சேர்ந்து 1987ல் புல்லாங்குழலுக்கும் கம்ப்யூட்டருக்குமாக அமைத்த 'ஜூபிடர்' என்ற படைப்பில் இந்த முடிவில்லா முழக்கம் பயன்படுகிறது. குழலிலிருந்து எடுத்த சுரம் வாசிப்பவர் மூச்சு தீர்ந்த பிறகும் நிற்கும். அதன்மேல் அவர் வேறு சுரங்களை வாசித்துக்கொண்டு போவார். தம்முடைய சுரத்தையே தமக்குத் தம்புராவாக்கிக்கொள்வது போல.

இதைச் செய்து பார்க்க ஆசைப்படுவீர்கள். செய்யுங்கள், ஆனால் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுச் செய்யுங்கள். வாசலைத் திறந்து வைத்துக்கொண்டே எண்ணை 1க்கு ஏற்றினால், உள்ளே போகிறது எல்லாம் தங்கி, தங்கியதன்மேல் புதிது சேர்ந்து, சில வினாடிகளில் பேரிரைச்சலாகிவிடும். எண் 1ஐ ஒரு துளி தாண்டினாலோ, வாசல் மூடியிருந்தாலும் சுற்றுக்குச் சுற்று பெருத்துக்கொண்டே போகும். காதுக்கு ஆபத்து, ஸ்பீக்கருக்கும் ஆபத்து. ஆகவே கட்டை 1க்கு மேல் போகாதபடி ஒரு தடைக் கட்டத்தை முதலில் போட்டுவிடுங்கள்.

பிறகு முறை இதுதான்: வேண்டிய சுரம் உள்ளே போனதும், 30 மில்லி வினாடியில் வாசலை மூடுங்கள். மூடியதும், அதே நிதானத்தில் எண்ணை 1க்கு ஏற்றுங்கள். சுரம் அப்படியே நிற்கும். எவ்வளவு நேரம் வேண்டுமோ அவ்வளவு நேரம் நிற்கட்டும். போதும் என்று தோன்றியதும் 0.9க்கு இறக்குங்கள். இரண்டு வினாடியில் கரைந்துபோகும். கரைந்த பிறகு வாசலைத் திறக்கலாம்.